கடதாசி விளையாட்டில் குளமும் ஆறும்

கடதாசி விளையாட்டு என்றதும் காசு வைத்து ஆடும் சூதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் காசில்லாமல், பழைய பெட்டி மட்டையில் நாமே வெட்டிய 15 அட்டைகளால் பிள்ளைகளுக்குச் சமூகக்கல்வி படிப்பிக்கலாம்.

ஒரு குளம், அதற்கு நீர் தரும் ஆறு, அது உள்ள மாவட்டம்: இம்மூன்றும் ஒரு குடும்பம். இரணைமடு, கனகராயன் ஆறு, கிளிநொச்சி. முத்தையன்கட்டு, பேராறு, முல்லைத்தீவு. கட்டுக்கரை, அருவி ஆறு, மன்னார். நாச்சதூவ, மல்வத்து ஓயா, அநுராதபுரம். சேனநாயக்க சமுத்திரம், கல்லோயா, அம்பாறை. அட்டைக்கு ஒரு பெயர் மட்டும் எழுதுங்கள்.

மூவருக்கு மும்மூன்று அட்டை; மிகுதி ஆறும் கவிழ்த்தபடி நடுவில். தன் கையிலுள்ள குடும்பத்துக்குக் குறையும் அட்டையைப் பெயர் சொல்லியே கேட்கவேண்டும். கேட்கப்பட்டவரிடம் இருந்தால் கொடுப்பார். இல்லையேல் கேட்டவர் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து முறையை விடுவார். அதிக குடும்பங்களைச் சேர்த்தவர் வென்றவர்.

பிணக்கு வந்தால் தீர்க்க, வயல் செய்த அப்புவையோ அம்மம்மாவையோ அருகில் இருத்துங்கள். இடம்பெயர்ந்தபின் பிறந்த பிள்ளை ஊர்க்குளத்தைக் கண்டிராது. குளம் வான் பாய்ந்த கதையெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

அருவி ஆறும் மல்வத்து ஓயாவும் ஒரே ஆறு. அநுராதபுரத்தைக் கடந்தே அது தேக்கம் அணைக்கு வருகின்றது. அங்கிருந்து வாய்க்காலால் கட்டுக்கரைக்கு நீர் போகின்றது. இதை முதலில் சொல்லிவிடாதீர்கள். தேசப்படத்தில் ஆற்றை விரலால் தொடரவிடுங்கள். "மேலே அவர்கள் மறித்தால் எங்களுக்கு?" என்று பிள்ளையே கேட்கட்டும்.