கோடையில் யந்திர அடை

சித்திரை, வைகாசி மாதங்களில் அடை வைத்த முட்டைகள் கூமுட்டையாகிவிட்டால், இடி இடித்ததே காரணமென்று குடியானவர்கள் கூறுவது வழக்கம். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் இட்டு வைப்பதும் இதன்பொருட்டே. ஆனால் கோடையிடி முழங்கும் இம்மாதங்களில்தான் திருச்சிராப்பள்ளியில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டிற்கு மேற்செல்கிறது. முட்டையைக் கெடுப்பது இடியன்று, உஷ்ணமே.

அடை காத்துக் குஞ்சு வளர்க்கும் காலம் முழுவதும் கோழி முட்டையிடாது. அவ்வேலையை யந்திரத்திடம் ஒப்புவித்தால், கோழி விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். இதனாலேயே மின்சார விளக்கினால் இயங்கும் சிறு பொரிக்கும் பெட்டிகள் இக்காலத்தில் வீடுகளிலும் இடம் பெற்றுள்ளன. எனினும், இப்பெட்டிக்குச் சூடேற்றத் தெரியுமேயன்றிக் குளிர்விக்கத் தெரியாது. திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதியினர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே.

முட்டை சேகரித்தல்: சுமார் 75 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் முட்டையினுள் கரு மெல்ல வளரத் தொடங்கும். முறையாக வளர அவ்வுஷ்ணம் போதாமையால், கரு பலவீனமுற்று மடியும். ஆகவே கோடையில் சமையலறையில் வைத்த முட்டைகளிற் பல, பெட்டியுள் வைப்பதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையில் ஈர மணலைப் பரப்பி, அதில் ஒரு மண்பானையைப் பாதியளவு புதைத்து, உள்ளே உமியிட்டு, கூர்முனை கீழாக முட்டைகளை அடுக்கி, மெல்லிய துணியால் மூடுக. மணல் உலராதபடி காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். முட்டைகளைக் கழுவலாகாது. ஒரு வாரத்திற்கு மேல் சேமித்தல் தகாது. கோடையில் மூன்று நான்கு நாட்களே போதும்.

உஷ்ணம்: விசிறியுள்ள பெட்டியில் 99½ டிகிரியும், விசிறியில்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரி வரையிலும் இருத்தல் வேண்டும். அடை கோழியும் இரை தேடச் சிறிது நேரம் எழுந்து செல்வதால், சற்று நேரக் குளிர்ச்சியால் பெருந்தீங்கில்லை. மிகுந்த சூடோ விரைவிற் கொல்லும். பிற்பாதி நாட்களில் கருவே வெப்பத்தை வெளிவிடுவதால் அப்போது கூடுதல் கவனம் தேவை. ஓட்டுக் கூரையின் கீழோ, வெயில் படும் சுவரருகிலோ பெட்டியை வைக்கலாகாது. மின்சாரம் நின்றால், குளிர்காலத்தில் பெட்டியைக் கம்பளியால் போர்த்துக. அறை கொதிக்கும் கோடைப் பகலில் மூடியைச் சற்றே திறந்து வைக்க.

ஈரம்: முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 சதவிகிதமும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 சதவிகிதமும் ஈரப்பதம் வேண்டும். காவேரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கத் தோப்புகளிலும்கூட ஆடிக்காற்று வீசும்போது காற்று வறண்டுவிடும். இதை அறியத் தராசே போதும். 40 கிராம் எடையுள்ள பத்து நாட்டு முட்டைகளை முதல் நாள் ஒருங்கே நிறுக்க 400 கிராம் இருக்கும். ஏழாம் நாள் சுமார் 20 கிராமும், 18ஆம் நாள் சுமார் 50 கிராமும் குறைந்திருத்தல் முறை. அதற்கு மேல் குறைந்தால் வாயகன்ற நீர்ப்பாத்திரம் வைக்க. குறைவு போதாதாயின் பாத்திரத்தைச் சுருக்குக. காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கலாகாது. ஓட்டினுள் இருப்பதும் சுவாசிக்கும் உயிரே.

திருப்புதல்: கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க, முட்டைகளை நாள்தோறும் மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒருபுறம் பென்சிலால் குறியிட்டால் தவறு நேராது. ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பார்க்க, நல்ல முட்டையில் சிலந்தி போன்று செந்நிற நரம்புகள் தோன்றும், தெளிந்திருப்பவற்றை நீக்கிவிடுக. 18ஆம் நாளுக்குப் பின் திருப்புதலும், அடிக்கடி மூடியைத் திறத்தலும் ஆகா. 21ஆம் நாளில் குஞ்சு வெளிப்படும்.

புதிதாகத் தொடங்குவோர் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள மாதங்களில் பழகிக்கொள்வது நலம். கோடையில் வைக்க நேர்ந்தால், இரும்பையும் கரியையும் நம்புவதைவிட ஈர மணலையும் குளிர்ந்த அறையையும் நம்புவதே லாபம் தரும்.