பெனால்டியில் தோற்றால் திறமையில் தோற்றதாகுமா?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள். காத்மாண்டு நகரின் தசரத் அரங்கில் தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. இந்தியாவும் நேபாளமும் மோதின. இரண்டாம் பாதியில் சங்கீதா பாஸ்போர் இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தார். அதையடுத்து நடுவரின் முடிவொன்றைப் பற்றித் தகராறு எழுந்து, ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுபோயிற்று. மீண்டும் தொடங்கியபின் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி பதில் கோல் அடித்தார். 1-1 என்ற நிலையில் பெனால்டி உதைகள் வந்தன. அவற்றில் நேபாளம் 4-2 என வென்றது. 2010 முதல் 2019 வரை நடந்த முதல் ஐந்து போட்டிகளிலும் கோப்பையைக் கைப்பற்றிய இந்தியா, இறுதி ஆட்டத்துக்குப் போகாமலே ஊர் திரும்பியது.

இது காத்மாண்டுவில் மட்டும் நடக்கும் கதையன்று. சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் வரை எந்தப் பள்ளித் திடலிலும் இது நடக்கலாம். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் மாணவியர் ஆட்டம் சமனில் முடிகிறது. பெனால்டி உதைகள் வருகின்றன. ஒரு மாணவியின் பந்து கம்பத்துக்கு வெளியே போகிறது. "அவளால்தான் தோற்றோம்" என்ற பேச்சு அன்று மாலையே ஊருக்குள் வந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த மாணவி திடலுக்கு வருவாளா என்பதையே அந்தப் பேச்சு தீர்மானித்துவிடக் கூடும். அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு? இதை அளந்து பார்க்க முடியுமா? முடியும். பள்ளியில் நீங்கள் படித்த கணக்கே போதும்.

அரை வினாடிக் கணக்கு

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு வரை உள்ள தொலைவு 11 மீட்டர். ஏறக்குறைய ஒரு நீண்ட லாரியின் நீளம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதே அளவுதான். நடுவில் நிற்கும் கோல்கீப்பரிடமிருந்து ஒவ்வொரு கம்பமும் 3.66 மீட்டர் தள்ளியிருக்கிறது.

பந்து கம்பத்தை ஒட்டிச் செல்வதாகக் கொள்வோம். பிதாகரஸ் தேற்றப்படி அது கடக்கவேண்டிய தொலைவு ஏறக்குறைய 11.6 மீட்டர். பந்தின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால், வினாடிக்கு 25 மீட்டர். 11.6ஐ 25ஆல் வகுத்துப் பாருங்கள். 0.46 வினாடி! அரை வினாடிகூட இல்லை.

இனிக் கோல்கீப்பரின் பக்கம் வருவோம். கண் பார்த்ததை மூளை உணர்ந்து, தசைகளுக்குக் கட்டளை அனுப்பி, அவை அசையத் தொடங்குவதற்குச் சுமார் 0.2 வினாடி ஆகிறது. இதைத் துலங்கல் நேரம் என்பர். பயிற்சியால் இதைச் சிறிது குறைக்கலாம், ஒழிக்க முடியாது. மீதியிருப்பது கால் வினாடிதான். அதற்குள் உடலைச் சாய்த்து, காலால் தரையை உந்தி, கம்பத்தின் ஓரம் வரை கையை நீட்ட வேண்டும். பந்தின் போக்கைப் பார்த்தபின் புறப்பட்டால், ஓரமாக வரும் வேகமான பந்தைப் பிடிக்க நேரம் போதாது.

எனவே கோல்கீப்பர் பந்து புறப்படும் முன்பே, அல்லது புறப்படும் அதே கணத்தில், ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். உதைப்பவர் ஊன்றும் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இடுப்பு எப்படிச் சாய்கிறது என்பவற்றைக் கொண்டு அவர் ஓரளவு கணிக்கலாம். ஆனாலும் அது கணிப்புதான்.

ஒற்றையா, இரட்டையா?

கைக்குள் புளியங்கொட்டைகளை மூடிக்கொண்டு "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்கும் விளையாட்டை நீங்கள் ஆடியிருப்பீர்கள். எப்போதும் ஒற்றையாகவே வைப்பவர் விரைவில் பிடிபட்டுவிடுவார். எதிராளியால் ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றி வைப்பவரே நிலைத்து ஆட முடியும். கணிதத்தில் இதற்கென்றே ஆட்டக் கோட்பாடு என்றொரு பிரிவு இருக்கிறது. பெனால்டி உதை அந்தக் கோட்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. உதைப்பவர் ஒரு பக்கத்தை ஒளித்து வைக்கிறார். கோல்கீப்பர் அதை ஊகிக்கிறார்.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் முதல்தர ஆட்டங்களில் அடிக்கப்பட்ட 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் ஏறக்குறைய 29 விழுக்காடு உதைகள் நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6 விழுக்காடு அளவுதான். அப்படி நின்றபோது மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தார்கள். இடப்புறமோ வலப்புறமோ பாய்ந்தபோது ஏழெட்டில் ஒன்றைத்தான் தடுத்தார்கள். பின் ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து விட்டால் "முயன்றான்" என்பார்கள். நின்று விட்டால் "மரம்போல நின்றான்" என்பார்கள். பழிச்சொல்லுக்கு அஞ்சியே மனிதர் முடிவை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்து முட்டைச் சோதனை

பெரிய ஆட்டங்களில் பெனால்டி உதைகள் நான்கில் மூன்று, அல்லது அதற்குச் சற்று மேலாக, கோலாகின்றன. நான்கில் மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் தவறாமல் கோல் அடிக்கும் நிகழ்தகவு என்ன? 0.75ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 0.24 கிடைக்கும். அதாவது, நல்ல அணியும் நான்கில் மூன்று முறை ஓர் உதையையாவது தவறவிடவே செய்யும். யாராவது ஒருத்தி தவறவிடுவாள் என்பது கணக்கில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அது யார் என்பது மட்டுமே எழுதப்படவில்லை.

இனி இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் அணி நூற்றுக்கு 80 பெனால்டிகளைக் கோலாக்கும் திறமையுடையது. இரண்டாவது அணி 70. இருவரில் யார் மேல் என்பதில் ஐயமில்லை. ஆளுக்கு ஐந்து உதைகள், சமனானால் மேலும் ஒவ்வொன்றாக, என்ற விதிப்படி மோதினால் என்ன ஆகும்? நிகழ்தகவைக் கணக்கிட்டால், முதல் அணி வெல்வது நூற்றுக்குச் சுமார் 67 முறைதான். மீதி 33 முறை, அதாவது மூன்றில் ஒரு முறை, திறமை குறைந்த அணியே வெல்கிறது!

காரணம் எளிது. ஐந்து என்பது மிகச் சிறிய எண். நாமக்கல் கோழிப்பண்ணையொன்றில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகள் சேர்கின்றன. 30 முட்டைகள் கொண்ட ஒரு தட்டிலிருந்து ஐந்தை மட்டும் உடைத்துப் பார்க்கிறோம், ஒன்று கெட்டிருக்கிறது. உடனே "இந்தப் பண்ணையில் ஐந்தில் ஒன்று கெட்ட முட்டை" என்று எந்த வியாபாரியாவது முடிவு கட்டுவாரா? மாதிரி சிறிதாக இருந்தால் தற்செயலின் பங்கு பெரிதாக இருக்கும். ஐந்து உதைகளைக் கொண்டு ஓர் அணியை எடைபோடுவதும் இப்படித்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவான பத்துச் சீட்டுகளை மடித்துப் போடுங்கள். முதல் டப்பாவில் எட்டுச் சீட்டுகளில் "கோல்" என்றும் இரண்டில் "இல்லை" என்றும் எழுதுங்கள். இரண்டாவதில் ஏழு "கோல்", மூன்று "இல்லை". குலுக்கி, டப்பாவுக்கு ஒன்றாக மாறி மாறி ஐந்து முறை எடுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும்; இது முக்கியம். சமனானால் ஒவ்வொன்றாகத் தொடருங்கள். இப்படி 30 ஆட்டங்கள் ஆடி முடிவுகளைக் குறித்து வாருங்கள். எளிய டப்பா பத்து முறை அளவில் வென்றிருப்பதைக் கண்டு நீங்களே வியப்பீர்கள். எந்தச் சீட்டும் பயப்படவில்லை. எந்தச் சீட்டும் சோம்பேறியில்லை. ஆனாலும் தோல்வி வந்தது!

நாணயத்தைவிட மேல்

அப்படியானால் பெனால்டி முறை எதற்கு என்று கேட்கலாம். இதற்கு முன்பிருந்த வழக்கம் இதைவிட மோசம். 1968இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் சமனாக முடிந்தபோது, நாணயத்தைச் சுண்டி இத்தாலியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். 1970இல்தான் பெனால்டி உதைகள் விதியில் இடம்பெற்றன.

பழைய நாணயம் அண்மையில் ஒருமுறை திரும்பவும் தலைகாட்டியது. 2024 பிப்ரவரி 8ஆம் நாள் டாக்காவில் 19 வயதுக்குட்பட்ட தெற்காசிய மகளிர் இறுதி ஆட்டம். இந்தியாவும் வங்காளதேசமும் 1-1. பெனால்டியில் இரு பக்கமும் 11 பேரும், கோல்கீப்பர்கள் உட்பட, கோல் அடித்தார்கள், 11-11. ஒவ்வோர் உதைக்கும் 80 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்தாலும், 22 உதைகளும் கோலாகும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஏழுதான். அதன்பின் நாணயம் சுண்டி இந்தியா வென்றதாக அறிவித்தார்கள், எதிர்ப்பு எழுந்தது, கடைசியில் இரு அணிகளும் கூட்டு வெற்றியாளர்கள் ஆயின.

மனத்தின் பங்கு

எல்லாமே தற்செயல் என்று சொல்லிவிடவும் கூடாது. நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டி உதைகளை ஆராய்ந்தார். "இது கோலானால் வெற்றி" என்ற நிலையில் அடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 92 முறை கோல் அடித்தார்கள். "இது தவறினால் தோல்வி" என்ற நிலையில் அது 60 அளவுக்கு இறங்கியது. பந்தும் அதே, தொலைவும் அதே. மாறியது மனத்தின் சுமை மட்டுமே. நடுவரின் விசில் கேட்டதும் அவசரமாக ஓடி உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பதும் அவருடைய ஆய்வில் தெரிந்தது.

ஆகவே பயிற்சிக்கு இடமுண்டு. ஓடிக் களைத்தபின் பெனால்டி பழகுங்கள். ஆட்டத்தில் கால்கள் அந்த நிலையில்தான் இருக்கும். விசிலுக்குப் பின் ஒரு முறை மூச்சை இழுத்து விடுங்கள். எந்தப் பக்கம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்; ஆனால் எப்போதும் ஒரே பக்கம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறவிட்டவளை அணி எப்படி நடத்துகிறது என்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். "தவறினால் என்னைப் பழிப்பார்கள்" என்ற எண்ணமே அந்த 92ஐ 60ஆக்கும் சுமையைக் கூட்டுகிறது. தோழியைப் பழிக்கும் அணி, அடுத்த பெனால்டியில் தன் நிகழ்தகவைத் தானே குறைத்துக்கொள்கிறது.

காத்மாண்டுத் தோல்விக்குப் பின் ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 5ஆம் நாள், தாய்லாந்தின் சியாங்மாய் நகரில், தரவரிசையில் தங்களுக்கு மேலிருந்த தாய்லாந்து அணியை இந்திய மகளிர் 2-1 என வென்றனர். தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் இந்திய மகளிர் நுழைந்தது அதுவே முதல் முறை. அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் காத்மாண்டுவில் கோல் அடித்த அதே சங்கீதா. காத்மாண்டுவின் சில உதைகளைக் கொண்டு அந்த அணியை எடைபோட்டிருந்தால் எவ்வளவு தவறாகியிருக்கும்!

அடுத்த முறை உங்கள் பள்ளித் திடலில் ஒரு பந்து கம்பத்துக்கு வெளியே போனால், அந்த மாணவி ஓர் ஆண்டில் எத்தனை ஆட்டங்கள் ஆடினாள், எத்தனை பந்துகளைச் சரியாகக் கொடுத்தாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்த அந்த எண்களே அவளுடைய திறமையைச் சொல்லும். அரை வினாடியில் முடிந்த ஓர் உதைக்கு அதைச் சொல்லத் தெரியாது.