வெரிலாக்கில் ரெஜ்: பதிவகமா, மாறியா?

ரெஜ் என்பது வெரிலாக் வன்பொருள் விவரிப்பு மொழியில் ஒரு தரவு வகையைக் குறிக்கும் சிறப்புச்சொல். பதிவகம் எனப் பொருள்படும் ரெஜிஸ்டர் என்ற சொல்லின் சுருக்கம் இது. பெயரைப் பார்த்து, ரெஜ் என அறிவித்தவை எல்லாம் சில்லில் ஃபிளிப்-ஃபிளாப்பாக மாறும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

வெரிலாக்கில் மதிப்பைத் தாங்குபவை இரு இனம். வயர் போன்ற வலைகள் மின்கம்பியைப் போன்றவை. ஏதேனும் ஒன்று தொடர்ந்து இயக்கினால்தான் அவற்றுக்கு மதிப்பு உண்டு. மற்றொரு இனம், கடைசியாக இட்ட மதிப்பை அடுத்த மதிப்பு வரும்வரை வைத்திருக்கும். ஆல்வேஸ் தொகுதிக்குள் மதிப்பிடப்படுவது இந்த இரண்டாம் இனமாக இருக்க வேண்டும் என்பது மொழியின் விதி. அதனால்தான் நினைவகமே இல்லாத ஒரு மல்டிபிளெக்சரை ஆல்வேஸ் தொகுதியில் எழுதினாலும் அதன் வெளியீட்டை ரெஜ் என அறிவிக்க நேர்கிறது. ஃபிளிப்-ஃபிளாப் உருவாவது கடிகாரத்தின் விளிம்பில் மதிப்பிடும்போதுதான். கடிகாரம் இல்லாத தொகுதியில் இஃப் எழுதி, எல்ஸ் பகுதியை விட்டுவிட்டால், பழைய மதிப்பைக் காக்க வேண்டி லாட்ச் ஒன்று உருவாகிவிடும். இரண்டிலும் அறிவிப்பு ஒன்றே. எழுதிய முறைதான் வேறு.

1995-இல் வெளியான ஐஇஇஇ 1364 தரநிலை இந்த இரண்டாம் இனம் முழுவதையும் பதிவகம் என்றே அழைத்தது. முழு எண்ணும் மெய்யெண்ணும்கூட அதில் அடங்கின. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இனப்பெயரை மாறி என மாற்றியது. ரெஜ் என்ற சிறப்புச்சொல்லை மட்டும் விட்டுவைத்தது. அதை நீக்கினால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் யாவும் முறிந்துவிடும்.

பின்னர் வந்த சிஸ்டம்வெரிலாக் (ஐஇஇஇ 1800, 2005) லாஜிக் என்ற சொல்லைச் சேர்த்தது. லாஜிக்கும் ரெஜ்ஜும் ஒரே தரவு வகைதான். இரண்டுமே பூச்சியம், ஒன்று, எக்ஸ், இசட் என்னும் நான்கு மதிப்புகளை ஏற்பவை.

இங்கே இன்னொரு குழப்பம் பிறந்தது: வயர், ரெஜ் இரண்டுக்கும் பதில் எங்கும் லாஜிக் போடலாம் என்ற அறிவுரை. உண்மையில் லாஜிக் என்பது தரவு வகை. வலையா மாறியா என்பது தனிக் கேள்வி. தொகுதிக்குள் லாஜிக் என்று மட்டும் எழுதினால் அது மாறி. அதே லாஜிக்கை உள்ளீட்டு முனையில் எழுதினால், வேறு குறிப்பு இல்லாதபோது அது வலை.

வேறுபாடு பெயரளவில் நிற்பதில்லை. 'வயர் சி = ஏ & பி' என்றால் ஏ அல்லது பி மாறும்போதெல்லாம் சி மாறும். வயரை லாஜிக் ஆக்கினால், அதே வரி பாவனையின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் மதிப்பிடும். பிறகு சி அசையாது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். பல சுற்றுகள் பகிரும் இருதிசைப் பாட்டைக்கும் வலைதான் வேண்டும். ஒரு மாறியை இரண்டு தொடர் மதிப்பிடல்கள் இயக்க முடியாது.