தபாலில் சுற்றும் மர்ம நாவல்!

நாங்கள் நாலு பேர் பள்ளித் தோழிகள். கல்யாணமாகி ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டின்னு பிரிஞ்சிட்டோம். இப்போ எங்களைச் சேர்த்து வைப்பது ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்தான்!

அவர் கதைகளில் இரண்டு தடங்கள் தனித்தனியே ஓடி, கடைசியில்தான் ஒன்று சேரும். அதனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் பின் அடித்து மூடிவிட்டு, புத்தகத்தைத் தபாலில் அனுப்புவோம். படித்தவர், 'குற்றவாளி யார், ஏன்?' என்று எழுதி, கவரில் ஒட்டி உள்ளே வைத்து அடுத்தவருக்கு அனுப்பணும். நாலாவது ஆள்தான் பின்னைப் பிரித்து, போனில் முடிவைச் சொல்வார். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்த பிறகு, செலவையும் பங்கு போட்டுக்கறோம்.

படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொண்டே படிக்கும் ஒருத்தி, தாளின் அடியில் எழுதியிருந்தாள்: "இன்னிக்கு என்ன சமையல்னு கேப்பாங்க. நீ என்ன நினைக்கிறேன்னு இந்தப் புத்தகம்தான்டி கேக்குது." படித்ததும் கண் கலங்கிடுச்சு.

பள்ளிக்கூடமே போகாத வை.மு. கோதைநாயகி, 1925-லேயே 'ஜகன்மோகினி' இதழில் 'வைதேகி' என்ற துப்பறியும் தொடர் எழுதினாராம். நமக்கு யோசிக்க வராதா என்ன? நீங்களும் தோழிகளோடு முயன்று பாருங்களேன்!

- ஒரு வாசகி, ஊத்துக்கோட்டை.