பேட்டைகள் சுருங்கும் விதம்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் ரயிலேறி எண்ணூர் நோக்கிச் சென்றால், இராயபுரத்தை அடுத்து வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று மூன்று பேட்டைகள் வரிசையாக வரும். இப்பெயர்களைத் தாளில் எழுதுகிறவர், இரண்டாம் பேட்டைக்கு 'மேற்படி' என்று குறி போட்டால் போதாதா? கணிப்பொறியில் கோப்புகளைச் சுருக்குவதன் உயிர்நாடி இந்த 'மேற்படி'தான்.

1977-இல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இஸ்ரேல் அறிஞர்கள் இதற்கு ஒரு முறை வகுத்தனர். அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டையான சங்கேதம் தரும் ஹஃப்மன் முறை 1952-லேயே வந்துவிட்டது. இரண்டையும் இணைத்து வேலை செய்வதே 1992-இல் வெளிவந்த 'ஜிஸிப்' நிரல். "இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்னும் இரண்டு எண்களே அதில் பேட்டைக்குப் பதிலாக நிற்கின்றன. 32,768 பைட்டுக்கு அப்பால் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

தமிழுக்கு இதில் தனி ஆதாயம் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் 'பேட்டை' என்பது ப, ஏகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி என ஆறு குறிகள்; குறிக்கு 3 வீதம் 18 பைட். ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் 224 என்ற எண்; இரண்டாவது 174 அல்லது 175. இப்படி ஓயாமல் திரும்பி வருவதால் நீண்ட தமிழ்க் கட்டுரை வெகுவாக இளைத்துவிடும். ஆனால் 'எண்ணூர்' என்ற ஒரே சொல்லுள்ள 21 பைட் கோப்போ சுருக்கினால் பருத்துவிடும்! தலைப்புக்கும் சரிபார்ப்புக்குமே ஜிஸிப் 18 பைட் எடுத்துக்கொள்கிறதே.

கட்டளைத் திரையில் ஜி, இஸட், ஐ, பி என்று தட்டி, இடம் விட்டு, கோப்பின் பெயரைத் தந்தால் போதும். சுருக்கிய கையோடு மூலக் கோப்பை அது நீக்கிவிடும். புதிதாகப் பழகுவோர் திடுக்கிடும் இடம் இது. 'ஜிஅன்ஸிப்' கட்டளை ஓர் எழுத்தும் குறையாமல் மீட்டுத் தரும். மூலமும் இருக்கட்டும் என்பவர்கள் சிறு கோட்டுடன் 'கே' சேர்க்கலாம்.

பல கோப்புகள் என்றால் முதலில் 'டார்' வேண்டும். அது துறைமுகத்துக் கண்டெய்னர் போல: சாமான்களை ஒன்றாக அடைக்கும், இளைக்க வைக்காது. சிறு கோட்டுடன் 'சி, இஸட், எஃப்' என்று தந்தால் அடைப்பும் சுருக்கமும் ஒருங்கே முடியும். பிரிப்பதற்கு 'சி' இருந்த இடத்தில் 'எக்ஸ்'. அங்கேயே 'டி' போட்டால், பெட்டியைத் திறக்காமலே சரக்குப் பட்டியல் கிடைக்கும். முன்பின் அறியாதவர் அனுப்பிய பெட்டியென்றால் இதைத்தான் முதலில் செய்யவேண்டும்.

சாதாரண உரைக்கோப்பில் ஒரு பைட் பழுதானால் ஓர் எழுத்து சிதையும். சுருக்கிய கோப்பிலோ பின்னால் வரும் 'மேற்படி'கள் எல்லாம் முன்னதை நம்பி நிற்பவை. ஒன்று கெட்டால் அதன்பின் உள்ள பக்கங்களே பாழாகலாம். ஆகவே மூலத்தை அழிக்குமுன், ஜிஸிப்புடன் சிறு கோட்டு 'டி' சேர்த்துச் சோதித்துக்கொள்க. பழுதிருந்தால் சொல்லிவிடும், இல்லையேல் மௌனமாக இருக்கும்.