நீந்தத் தெரிந்த பிள்ளை

மிகப் பழங்காலத்திலேயே மனிதன் கற்றுக்கொண்ட கலைகளுள் நீச்சலும் ஒன்று. அதன் வரலாற்றில் பெற்றோராகிய நாம் மனத்தில் இருத்த வேண்டியவர், ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த ஆல்பிரட் ஹயோஷ்.

பதின்மூன்றாம் வயதில் தம் தந்தையைத் தன்யூப் ஆற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர். தந்தையை விழுங்கிய நீரை அஞ்சி ஒதுங்காமல், நன்கு நீந்தக் கற்றே தீருவதென உறுதி பூண்டார். 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டிக்குக் குளம் இல்லை. குளிர்ந்த கடலே களமாயிற்று. பதினெட்டு வயதான ஹயோஷ், அலைகளோடு போராடி 100 மீட்டர் போட்டியிலும், பின்னர் உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு 1200 மீட்டர் போட்டியிலும் வென்றார். பிற்காலத்தில் கட்டடக் கலைஞராகி, புடாபெஸ்ட் நகரில் நீச்சற்குளம் ஒன்றையும் எழுப்பினார்.

நீச்சலால் இதயமும் நுரையீரலும் வலுப்பெறுகின்றன. கை, கால், முதுகுத் தசைகள் ஒருங்கே உழைக்கின்றன. கழுத்தளவு நீரில் நம் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே கால்கள் தாங்குவதால், மூட்டுவலியுள்ள முதியோர்க்கும் இது ஏற்ற பயிற்சி.

எனினும் உடல்நலத்தினும் பெரிது உயிர். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் குழந்தைகள் மிகப் பலர். ஆகவே ஆண், பெண் என்ற வேறுபாடின்றி நம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்போம். கற்ற பின்னரும் அவர்களைத் தனியே நீரில் இறங்க விடாதிருப்போம். ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் தடுக்க இச்சிறு முயற்சி போதுமானால், அதை நாளைக்கென்று ஒத்திப்போடலாமா?