வீட்டில் மராமத்து... வாசலில் டிரெய்லர் வாழ்க்கை: குழந்தைகளுக்கு என்ன ஆபத்து?

அமெரிக்காவில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, சில குடும்பங்கள் சின்னக் குழந்தைகளோடு வாசலில் நிறுத்திய டிரெய்லருக்குக் குடிபோகின்றன. படுக்கை, அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே. வாடகை மிச்சம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: தூசி.

அங்கே வீட்டு பெயின்டில் ஈயம் தடை செய்யப்பட்டது 1978-ல்தான். அதற்கு முன் கட்டிய வீடு என்றால், பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஈயத் தூசி பறக்கலாம். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அவ்வளவுதான், ஈயம் உள்ளே போய்விடும். 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

சரி, டிரெய்லருக்கு மாறினால் போதுமா? போதாது. வேலை நடக்கும் இடத்துக்குப் போய்வந்த செருப்பும் சட்டையும் தூசியைக் கூடவே கொண்டுவரும். வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். அதற்கான அலாரம் கட்டாயம்.

நம்ம ஊரில்? வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயின்ட் அடித்த கதவு, ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் நாட்களில், பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.